மிட்டாயில் தேடிய ஆபத்து

ஹாலோவீன் பண்டிகை நாளான அக்டோபர் 31ஆம் தேதி இரவு எட்டு, எட்டரை மணிக்கு அமெரிக்காவிலும் கனடாவிலும் வீட்டுக்கு வீடு ஒரே வேலை நடக்கும். பேய், சூனியக்காரி, ஸ்பைடர்மேன் என்று வேஷம் கட்டி, வீடு வீடாக மிட்டாய் கேட்டுத் தெருத்தெருவாகப் போய்வந்த பிள்ளைகளின் மிட்டாய்ப் பையைச் சாப்பாட்டு மேசையில் கவிழ்த்து, அப்பாவோ அம்மாவோ ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பார்கள். உறை கிழிந்திருக்கிறதா, ஒட்டிய இடம் பிரிந்திருக்கிறதா, ஊசி ஏற்றிய ஓட்டை ஏதும் தெரிகிறதா என்று. யாராவது வீட்டில் செய்து கொடுத்த பலகாரம் இருந்தால் அது நேரே குப்பைக்கூடைக்கு. நியூஜெர்ஸியின் எடிசனிலும் டொரண்டோவின் ஸ்கார்பரோவிலும் தமிழ் வீடுகளில் நடப்பதும் இதுதான். கொலு வைத்த வீடுகளில் ஏறி இறங்கி, யார் வீட்டுச் சுண்டல் என்று கேட்காமல் தின்று வளர்ந்தவர்கள், ஏறக்குறைய அதே பருவத்தில் வரும் இந்தப் பண்டிகையில் மிட்டாயை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள்.

பிள்ளைகள் அக்கம்பக்கத்தில் வீடு வீடாகப் போகும்போது என்ன ஆபத்து, அது எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி அந்த நாடுகளில் அறுபது ஆண்டுப் பழையது. பத்திரிகைச் செய்தி, நீதிமன்ற ஆவணம், விபத்துக் கணக்கு என்று மூன்று பக்கமிருந்தும் அதைத் துருவிப் பார்த்துவிட்டார்கள். ஆனால் கிடைத்த பதிலுக்கும் பெற்றோர் போடும் காவலுக்கும் சம்பந்தமே இல்லை. மேசையில் தேடும் ஆபத்து அநேகமாக இல்லாத ஆபத்து. உள்ள ஆபத்தை, பை மேசைக்கு வருவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே, சாலையில் பார்த்திருக்க வேண்டும்.

விஷ மிட்டாய்க் கதை சிறு சிறு சம்பவங்களாகத்தான் திரண்டது. 1964இல் நியூயார்க்கின் லாங் ஐலண்டில், கிரீன்லான் என்ற ஊரில் ஒரு குடும்பத்தலைவிக்கு, மீசை அரும்பும் வயதிலும் மிட்டாய் கேட்டு வரும் பிள்ளைகள்மேல் எரிச்சல். பாத்திரம் தேய்க்கும் கம்பிப் பஞ்சு, நாய் பிஸ்கட், எறும்பு மருந்து எல்லாவற்றையும் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். விளையாட்டுக்குச் செய்தேன் என்றார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, தண்டனையும் நிறுத்திவைக்கப்பட்டது. செய்தி மட்டும் ஊர் ஊராகப் போயிற்று. 1970இல் டெட்ராய்ட்டில் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் ஹெராயின் உள்ளே போய் இறந்தான். ஹாலோவீன் மிட்டாயில் எவனோ கலந்துவிட்டான் என்பதுதான் முதலில் வந்த செய்தி. விசாரித்தபோது, உறவினர் வீட்டில் வைத்திருந்த ஹெராயின் பையன் கையில் அகப்பட்டது என்றும், அதை மறைக்கக் குடும்பத்தாரே மிட்டாய்மேல் தூவினார்கள் என்றும் தெரிந்தது.

1974இல் நடந்ததைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். டெக்சஸில் ஹூஸ்டனை ஒட்டிய டீர் பார்க் ஊரில் ரொனால்டு ஓப்ரையன் என்பவன் மூக்குக்கண்ணாடித் தொழில் செய்தவன்; தேவாலயத்திலும் பொறுப்பில் இருந்தவன். ஹாலோவீன் இரவில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனான். விளக்கு எரியாத ஒரு வீட்டில் கிடைத்தது என்று சொல்லி, நீளக் குழாயில் அடைத்த இனிப்புப் பொடியைத் தன் மகனுக்கும் மகளுக்கும் வேறு மூன்று பிள்ளைகளுக்கும் கொடுத்தான். பொடியில் சயனைடு. எட்டு வயது மகன் படுக்கப்போகும் முன் அதைச் சாப்பிட்டு அன்றிரவே இறந்தான். மற்ற நான்கு குழாய்களையும் பிள்ளைகள் வாயில் போடுவதற்குள் மீட்டுவிட்டார்கள். அவற்றில் ஒன்றின் வாயை மூடியிருந்த ஸ்டேப்ளர் பின்னைப் பிரிக்க வராமல், ஒரு பையன் குழாயைக் கையில் பிடித்தபடியே தூங்கிப்போயிருந்தான். அவன் பிழைத்தது அந்தப் பின்னால்தான். பிள்ளைகள் பெயரில் ஓப்ரையன் ஆயுள் காப்பீடு எடுத்து வைத்திருந்தான், பணம்தான் நோக்கம். அடுத்த வீட்டுப் பிள்ளைகளுக்கும் கொடுத்தது, பழி முகந்தெரியாத எவன்மேலாவது விழட்டும் என்பதற்காக. 1984 மார்ச்சில் அவனுக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. விஷ மிட்டாய் வதந்தி ஊரில் ஏற்கெனவே உலவாமல் இருந்திருந்தால் அவனுக்கு இந்தத் திட்டமே தோன்றியிருக்காது. வதந்தியிலிருந்து பிறந்த கொலை, பிறகு அதே வதந்திக்குச் சாட்சியாகிவிட்டது.

சமூகவியலாளர் ஜோயல் பெஸ்ட்டும் ஜெரால்டு ஹோரியூச்சியும் 1958 முதல் 1984 வரை பெரிய நாளிதழ்களில் வந்த இத்தகைய செய்திகளைத் தேடி எடுத்து 1985இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கிடைத்தவை 76 சம்பவங்கள். பெரும்பாலானவற்றில் யாருக்கும் பெரிய காயமில்லை. சில, பிள்ளைகளே குண்டூசியைச் செருகிவிட்டுப் பெரியவர்களிடம் ஓடிவந்த விளையாட்டு. முன்பின் தெரியாதவர் பொதுவாக விநியோகித்த மிட்டாயைத் தின்று ஒரு குழந்தை செத்ததாக ஒரு வழக்கையும் அவர்களால் உறுதிப்படுத்த முடியவில்லை. பெஸ்ட் அதற்குப் பிறகும் இந்தக் கணக்கைத் தொடர்ந்து எழுதிவந்தார். 1990இல் கலிபோர்னியாவின் சாண்டா மோனிகாவில் ஏழு வயதுச் சிறுமி மிட்டாய் வாங்கப் போன வழியிலேயே விழுந்து இறந்தபோது, மிட்டாயைத் தொடாதீர்கள் என்று போலீஸே எச்சரித்தது. பிரேதப் பரிசோதனையில் பிறவியிலேயே இருந்த இதயக் கோளாறு என்று தெரிந்தது. 2000இல் மினியாபொலிஸில் ஒருவர் சாக்லேட்டில் ஊசி வைத்தது உண்மை; ஒரு பையனுக்குச் சுருக்கென்று குத்தியதோடு சரி.

பிறகு ஏன் பயம் போகவில்லை? 1982 இலையுதிர்காலத்தில் சிகாகோ வட்டாரத்தில் டைலனால் என்ற வலி மாத்திரையில் யாரோ சயனைடு கலந்து ஏழு பேர் இறந்தார்கள். கடையில் வாங்கிய மருந்தையே நம்ப முடியாதபோது அண்டை வீட்டு மிட்டாயை யார் நம்புவார்கள்? அந்த ஆண்டு சில ஊர்கள் பிள்ளைகள் வெளியே போவதையே தடுத்தன. மருத்துவமனைகள் மிட்டாய்ப் பைக்கு இலவசமாக எக்ஸ்ரே எடுத்துத் தந்தன. (எக்ஸ்ரேயில் ஊசி தெரியும், விஷம் தெரியாது. யாரும் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.) 2022இல் ஃபெண்டனில் என்ற போதைப்பொருளின் வண்ண வண்ண மாத்திரைகள் மிட்டாயோடு கலந்துவிடும் என்று புதிய பயம் கிளம்பியது. போதைப்பொருள் விற்பவன் காசு பெறும் சரக்கைத் தெருப் பிள்ளைகளுக்கு ஏன் இலவசமாகக் கொடுக்கப்போகிறான் என்ற எளிய கேள்வி எடுபடவில்லை. என் ஊகம் இது: மிட்டாயைச் சோதிப்பது பெற்றோர் கைக்குள் இருக்கும் வேலை. அரை மணி நேரத்தில் முடிந்துவிடும், கடமையைச் செய்துவிட்ட நிம்மதியும் வரும். சாலை அப்படி யார் கைக்குள்ளும் இல்லை.

கதவுக்குப் பின்னால் இருப்பவர்களைப் பற்றிய பயத்துக்கு மிட்டாய்ப் பயத்தைவிட அடிப்படை உண்டு. 1973 ஹாலோவீன் அன்று விஸ்கான்சின் மாநிலத்தின் ஃபாண்ட் டு லாக் நகரில் ஒன்பது வயதுச் சிறுமி தனியாகப் புறப்பட்டுப் போனாள். அவளுக்குப் பழக்கமான ஒரு வீட்டுக்காரன் அவளைக் கொன்றான். இதை வதந்தி என்று தள்ள முடியாது. ஆனால் இதிலிருந்து எடுத்த பாடம் வேறு திசையில் போயிற்று. அவன் தெரிந்தவன். பிள்ளைகள்மேல் நடக்கும் வன்கொடுமைகளில் பெரும்பாலானவை தெரிந்தவர்களால், பல சமயம் வீட்டுக்குள்ளேயே நடப்பவை. ஆண்டில் ஓர் இரவோடு அவற்றுக்குத் தனிச் சம்பந்தம் கிடையாது. 2009இல் வெளியான ஓர் ஆய்வு, 1997 முதல் 2005 வரை 30 மாநிலங்களில், குடும்பத்தாரல்லாதவர் பிள்ளைகள்மேல் புரிந்த 67,045 பாலியல் குற்றங்களை நாள்வாரியாகப் பிரித்துப் பார்த்தது. ஹாலோவீனையொட்டி எந்த ஏற்றமும் இல்லை. இந்த நாளுக்கென்று மாநிலங்கள் தனிச் சட்டம் போடத் தொடங்கிய பிறகும் எண்ணிக்கை முன்பிருந்தபடியேதான் இருந்தது. அப்படியும் மிசௌரியில் 2008 முதல், பாலியல் குற்றப் பதிவேட்டில் உள்ளவர்கள் அன்று மாலை வாசல் விளக்கை அணைத்து, இங்கே மிட்டாய் கிடையாது என்று பலகை மாட்ட வேண்டும் என்று சட்டம் இருந்தது. பலகை மாட்டச் சொல்வது அரசியல் சட்டத்துக்கு முரண் என்று 2024இல் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த மாலை முழுக்க இப்படிப்பட்ட வீடுகளைச் சுற்றி வரும் போலீஸ்காரர், அந்த நேரத்துக்கு ஒரு நாற்சந்தியில் நின்றிருக்கலாம்.

நாற்சந்தியில் என்ன நடக்கிறது? அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் 1975 முதல் 1996 வரையிலான சாலை மரணங்களைப் பார்த்தது. 5 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் மாலை 4 மணியிலிருந்து 10 மணிக்குள் நடந்துபோகையில் வண்டி மோதி இறப்பது, மற்ற நாட்களில் சராசரியாக ஒருவர். ஹாலோவீன் அன்று நான்கு பேர். 2018இல் கனடிய ஆய்வாளர்கள் இன்னும் நீண்ட கணக்கை எடுத்தார்கள். 1975 முதல் 2016 வரை 42 ஹாலோவீன் மாலைகளில் அமெரிக்காவில் பாதசாரிகள் 608 பேர் இறந்தார்கள். ஒரு வாரம் முன்னும் ஒரு வாரம் பின்னுமாக எடுத்துக்கொண்ட 84 சாதாரண மாலைகளில் 851 பேர். மாலைக்கு மாலை ஒப்பிட்டால் 43 சதவீதம் அதிகம். நான்கிலிருந்து எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு மட்டும் பார்த்தால் பத்து மடங்கு. ஆபத்து உச்சத்துக்குப் போவது மாலை ஆறு மணியை ஒட்டி.

அந்த ஆறு மணியைக் கிட்டே போய்ப் பார்க்கலாம். ஏழு வயதுப் பையன், பேட்மேன் வேஷம். தலை முதல் கால் வரை கறுப்பு, தோளில் தரையைத் தொடும் கறுப்பு அங்கி. முகமூடியில் இரண்டு சின்னத் துளை. நேரே தெரியும், பக்கவாட்டில் ஒன்றும் தெரியாது. மூச்சுவிட்டு விட்டு உள்ளே ஈரமாகி, முகமூடி மூக்கிலிருந்து வழுக்குகிறது. ஒரு துளை புருவத்துக்கு ஏறிவிட்டது. ஒரு கையில் பை, மறு கையில் பிளாஸ்டிக் ஆயுதம். எதிர்வரிசை வீட்டில் முழு நீள சாக்லேட் கொடுக்கிறார்களாம் என்று முன்னால் போனவன் கத்துகிறான். நிறுத்தி வைத்த இரண்டு கார்களுக்கு நடுவிலிருந்து பேட்மேன் சாலையில் இறங்குகிறான். ஓட்டி வருபவர் கண்ணுக்கு அவன் கடைசி நொடியில்தான் தெரிவான். வண்டி உயரமான எஸ்யூவியாகவோ பிக்கப்பாகவோ இருந்தால் அந்தக் கடைசி நொடியும் கிடைக்காது. பையன் உயரமும் பானட் உயரமும் ஒன்று. பானட் 40 அங்குலத்துக்கு மேல் உயர்ந்த வண்டிகள் பாதசாரிமேல் மோதினால் மரணம் நேரும் வாய்ப்பு, தாழ்ந்த பானட் வண்டிகளைவிட ஏறக்குறைய 45 சதவீதம் அதிகம் என்று அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்களின் சாலைப் பாதுகாப்பு அமைப்பு 2023இல் கணக்கிட்டது. வேகமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். மணிக்கு 23 மைலில் மோதினால் சராசரியாகப் பத்தில் ஒருவர் சாவார். 42 மைலில் பாதிப் பேர்.

இதற்கென்று நடந்த வைத்தியங்களும் வேடிக்கையானவை. 2005இல் ஒரு சட்டம் வந்து, 2007 முதல், கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைக்கும் கோடைக்கால நேரம் நவம்பர் முதல் ஞாயிறு வரை நீண்டது. அதில் ஹாலோவீன் பிள்ளைகளுக்கு ஒரு மணி நேர வெளிச்சம் கூடும் என்று எதிர்பார்த்தார்கள். நியூயார்க்கில் முன்பு ஐந்து மணிக்கு முன்பே மறைந்த சூரியன் இப்போது ஆறு மணிக்குச் சற்று முன் மறைகிறது. பிள்ளைகள் தெருவில் நிறைவதும் அப்போதுதான். வர்ஜீனியாவின் செசபீக் நகரம் வேறு வழியில் போனது: 12 வயதைத் தாண்டியவர் மிட்டாய் கேட்டுப் போனால் ஆறு மாதம் வரை சிறை என்று 1970இல் விதி போட்டது. ஊரே சிரிப்பாய்ச் சிரித்த பிறகு, 2019இல் வயதை 14க்கு உயர்த்திச் சிறையை எடுத்தார்கள். தேவாலயங்களும் பள்ளிகளும் கார் நிறுத்துமிடத்தில் வண்டிகளை வரிசையாக விட்டு, டிக்கியைத் திறந்து வைத்து, அங்கேயே மிட்டாய் கொடுக்கின்றன. பத்திரமான ஏற்பாடு, சந்தேகமில்லை. ஆனால் பிள்ளைகள் தங்கள் தெருவில் இருபது வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்துப் பழகும் ஆண்டின் ஒரே மாலை இது; அதைக் காரின் டிக்கிக்குள் அடைத்துவிட்டோம் என்று எனக்குத் தோன்றுகிறது. நியூயார்க் நகரப் போக்குவரத்துத் துறை 2022இல் செய்தது இதைவிட நேரான காரியம்: அந்த மாலையில் நூற்றை ஒட்டிய தெருக்களில் வண்டிகளை நிறுத்தி, தெருவைப் பிள்ளைகளிடம் விட்டது.

கதவைத் திறப்பவரின் பயமும் ஓர் ஆபத்து. துப்பாக்கி வீட்டுக்கு வீடு இருக்கும் நாட்டில் அதை விட்டுவிட முடியாது. 1992 அக்டோபர் 17 அன்று லூசியானாவின் பேட்டன் ரூஜில், 16 வயது ஜப்பானிய மாணவன் யோஷிஹிரோ ஹட்டோரி தன் நண்பனோடு ஹாலோவீன் விருந்துக்குப் போனான். வெள்ளைக் கோட்டு, நடிகர் ஜான் டிரவோல்டா வேஷம். வீடு மாறிவிட்டது. அந்த வீட்டிலும் ஹாலோவீன் அலங்காரம் இருந்ததால் சந்தேகமே வரவில்லை. வீட்டம்மா பயந்து கணவனைத் துப்பாக்கி எடுக்கச் சொன்னார். நில் என்ற உத்தரவு ஹட்டோரிக்கு விளங்கவில்லை. விருந்துக்கு வந்தோம் என்று சொல்லிக்கொண்டே முன்னால் வந்தான். ஒரே குண்டு. சுட்டவரை ஜூரி விடுவித்தது; பின்னர் உரிமையியல் வழக்கில் 6,50,000 டாலர் இழப்பீடு கொடுக்கத் தீர்ப்பானது. முப்பது ஆண்டு கழித்து, 2023 ஏப்ரலில், மிசௌரியின் கேன்சஸ் சிட்டியில் தம்பிகளைக் கூட்டிவரப் போன 16 வயதுக் கறுப்பின மாணவன் தெருப் பெயர் குழம்பி வேறு வீட்டுக் காலிங் பெல்லை அழுத்தினான். 84 வயதுக்காரர் கதவு வழியாகவே சுட்டார். பையன் பிழைத்தது அதிர்ஷ்டம்.

இந்த இரண்டும் நம்மவர்கள் காதில் வேறு மாதிரி விழும். பழுப்பு நிறத் தோல், பதினாலு பதினைந்து வயதில் பெரியவனைப் போன்ற உயரம், முகத்தை மறைத்த வேஷம். புதிதாகக் குடிவந்த புறநகரில் இப்படி ஒரு பையன் கதவைத் தட்டும்போது, உள்ளே இருப்பவர் பார்ப்பது பள்ளிப் பிள்ளையையா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அங்கே ஊரறிந்த எழுதாத விதி ஒன்று உண்டு: வாசல் விளக்கு எரிந்தால் வரலாம், அணைந்திருந்தால் தாண்டிப் போக வேண்டும். உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு இது பாலோடு வந்தது. நம் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தால்தான் தெரியும். ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டிக்கும் சொல்ல வேண்டும். மின்சாரம் வீணாகிறதே என்று அவர் பழக்கதோஷத்தில் விளக்கை அணைத்துவிடுவார். "பாட்டி, அது எரியட்டும், பிள்ளைங்க வருவாங்க" என்று பேத்தி ஓடிவந்து போடுவாள். அடுத்த நிமிடமே வாசலில் நிற்கும் எலும்புக்கூட்டை உள்ளே வந்து உட்காரச் சொல்லுவார் பாட்டி. அதுவும் கூடாது, வாசற்படிக்கு உள்ளே பிள்ளைகள் வரக் கூடாது என்பது அங்கே எல்லாப் பெற்றோரும் சொல்லியனுப்பும் முதல் பாடம்.

அந்தப் பாடத்தை ஒழுங்காக எழுதி வைத்து நடத்திவருபவர்கள், வீடு வீடாகப் பிஸ்கட் விற்கும் கேர்ள் ஸ்கவுட் என்ற சாரணியர் இயக்கத்தினர். ஓக்லஹோமாவின் மஸ்கோகியில் 1917இல் ஒரு குழு பிஸ்கட் சுட்டு விற்றதில் தொடங்கியது இந்த விற்பனை. இன்று ஆண்டுக்குச் சுமார் 20 கோடி டப்பா விற்கிறார்கள். சின்னப் பெண்களோடு பெரியவர் ஒருவர் கூடவே போக வேண்டும். பெரிய பெண்களும் தனியாகப் போகக் கூடாது, ஜோடி வேண்டும். யார் வீட்டுக்குள்ளும் நுழையக் கூடாது. முகவரி, போன் எண் எதையும் கொடுக்கக் கூடாது. இதற்கு எதிர்முனையில் பேப்பர் போடும் பையன்களின் கதை. 1982 செப்டம்பரில் அயோவாவின் வெஸ்ட் டெமாய்னில் ஞாயிறு விடியற்காலை பேப்பர் போடப் போன 12 வயதுப் பையன் திரும்பவில்லை. 1984இல் பக்கத்து நகரில் 13 வயதுப் பையன், அவனும் பேப்பர் போடப் போனவன்தான். இருவரும் இன்றுவரை கிடைக்கவில்லை. அவர்கள் படங்கள் பால் அட்டைப்பெட்டியில் அச்சாகி, ஒரு தலைமுறைப் பிள்ளைகள் காலையில் தங்கள் வயதுக்காரன் முகத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்கள். இப்படி முன்பின் தெரியாதவர் தூக்கிக்கொண்டு போகும் கடத்தல்கள் அமெரிக்கா முழுவதும் 1999இல் ஏறக்குறைய 115, 2011இல் 105 என்று அரசு ஆய்வுகள் மதிப்பிட்டன. அரிது. ஆனாலும் விடியற்காலை, தனியே, தினமும் ஒரே பாதை என்ற மூன்றும் ஒரு பிள்ளைக்குச் சேர்ந்து அமைவதைப் பெற்றோர் அனுமதிக்காமல் போனதில் தவறொன்றும் இல்லை.

தீயையும் ஒவ்வாமையையும் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 1940களில் கௌபாய் விளையாட்டு உடையின் மயிர்த்துணி பற்றிக்கொண்டு பிள்ளைகள் இறந்தது போன்ற விபத்துகளின் பேரில்தான், எளிதில் எரியும் துணிகளுக்கு எதிரான அமெரிக்கச் சட்டம் 1953இல் வந்தது. பரங்கிக்காய்க்குள் இன்றைக்கும் மெழுகுவத்தி வைப்பவர்கள் பேட்டரி விளக்குக்கு மாறினால் அந்தக் கவலை தீர்ந்தது. ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்காக, மிட்டாய்க்குப் பதில் பென்சிலோ ஸ்டிக்கரோ கொடுக்கும் வீடுகள் நீலப்பச்சை வண்ணம் பூசிய பரங்கிக்காயை வாசலில் வைக்கும் வழக்கம் 2014இல் நாடளவில் பரவியது. பையைக் கவிழ்த்துப் பார்ப்பதில் அர்த்தமுள்ள ஒரே இடமும் இதுதான்: வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளை, உறையில் அச்சிட்டிருப்பதை அம்மா படித்த பிறகு தின்னட்டும்.

சாலைக்கு என்ன செய்வது என்பதில் இரகசியம் ஏதும் இல்லை. முகமூடிக்குப் பதில் முகத்தில் வண்ணம். கணுக்கால் தெரியும் நீளத்தில் அங்கி. முதுகிலும் பையிலும் வெளிச்சம் பட்டால் மின்னும் பட்டை. பத்து டாலர்கூட ஆகாது. தெருவின் ஒரு பக்கத்தை முடித்துவிட்டு, முனையில் ஒரே முறை கடந்து மறுபக்கம். பன்னிரண்டு வயது வரை கூட ஒரு பெரியவர், போனைப் பைக்குள் போட்டுவிட்டு. அன்று மாலை ஆறு முதல் எட்டு வரை காரை எடுக்காமல் இருப்பதும் பெற்றோர் செய்யக்கூடியதுதான். பிள்ளைகளைப் பணக்காரத் தெருவுக்குக் காரில் கொண்டுபோய் இறக்கி, வீட்டுக்கு வீடு ஊர்ந்தபடி பின்தொடர்பவர்கள், அடுத்தவன் பிள்ளைக்கு அந்தத் தெருவில் ஆபத்தைக் கொண்டுவந்து விடுகிறார்கள். வார்டு உறுப்பினரிடம் கேட்டு இரண்டு மணி நேரத்துக்குத் தெருவை அடைக்க வைத்தால் இதெல்லாம் பாதியாகக் குறையும்.

இன்னொரு தீர்வு விஸ்கான்சினில் ஐம்பது ஆண்டாக இருக்கிறது. 1973 கொலைக்குப் பிறகு ஃபாண்ட் டு லாக் மிட்டாய்ச் சுற்றைப் பகலுக்கு மாற்றியது; அந்த மாநிலத்தில் வேறு பல ஊர்களும் ஞாயிறு பிற்பகலில் நேரம் குறித்துக் கொடுக்கின்றன. பழகிய வீட்டுக்காரன் செய்த கொலையை வெயில் தடுத்திருக்குமா என்பது சந்தேகம். ஆனால் ஆறு மணி இருட்டில் சாலையில் இறங்கும் பேட்மேனுக்கு அது வேறு எந்தச் சட்டத்தைவிடவும் பயன்படும். பட்டப்பகலில் பேய் வேஷம் போட்டு யாரைப் பயமுறுத்துவது என்று பிள்ளைகள் முனகுகிறார்கள். பெரியவர்களும் அவர்கள் கட்சிதான். அந்த வழக்கம் பக்கத்து மாநிலங்களுக்குப் பெரிதாகப் பரவாததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.